சாய் என்றால் டீ இல்லை

கரி அடுப்பில் ரொட்டி சூடாகும் வாசனை... அதன் மேலோடு மெல்ல வெடிக்கும் சத்தம்... ஷூ கம்பெனி வாசலில் நின்ற அந்தத் தள்ளுவண்டி எனக்கு முதலில் மூக்கு வழியாகத்தான் அறிமுகமானது.

கிட்டே போனால் அடுத்த வாசனை வரும். பன்றிக்கறி. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்குள் ஓடிவிடுவேன்.

இது வியட்நாமில், சைகோனைத் தாண்டி ஒரு தொழிற்பேட்டையில். செய்யாறு பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்த எங்களில் இரண்டு பேரைப் பயிற்சிக்கு அங்கே அனுப்பியிருந்தார்கள். நான் திண்டிவனம். செல்வி அக்கா விழுப்புரம். பயிற்சியை முடித்துவிட்டு வந்தால் சூப்பர்வைசர் வேலை. எங்கள் வீட்டில் மாதச் சம்பளத்துக்குப் போன முதல் பெண் நான்தான்.

நாங்கள் சமணர்கள். செஞ்சி ரோட்டில் நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் போடுகிற விவசாயக் குடும்பம். கிழங்கு, காளானுக்கெல்லாம் தடை இல்லை என்றாலும், முட்டைகூட வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. அங்கே கேன்டீனில் கீரையைப் பார்த்து ஆசையாக எடுத்தால், அதிலும் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள். ரூமில் ஆக்கின சோறு, ஊறுகாய், வாழைப்பழம்... ஷிஃப்ட் மாறினால் அதுவும் இல்லை.

செல்வி அக்கா எல்லாம் சாப்பிடுவார்.

"இன்னாடி பத்மா, குருவியாட்டம் கொறிச்சிக்கினு இருக்குற? ஒடம்பு தாங்குமா இது?"

திட்டுவாரே தவிர, என் முன்னால் கறி ரொட்டியைப் பிரித்ததே இல்லை. வெளியிலேயே சாப்பிட்டு, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் ரூமுக்குள் வருவார்.

ஒருநாள் லைனிலேயே மயங்கி விழுந்துவிட்டேன்.

ஆபீசில் கூப்பிட்டுப் பேசினார்கள். உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஊருக்குப் போகலாம், வேறு ஆளை வரவழைத்துக்கொள்கிறோம் என்றார்கள். கோபமே இல்லாமல் சொன்னார்கள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அம்மாவுக்கு போன் போட்டேன். "அந்த பேஜாரு புடிச்ச வேல நமக்கு வேணாம் பாப்பா. ஜல்தி கெளம்பி வந்துடு" என்று அழுதார். அப்பா போனை வாங்கி, "ஒன்னால எது முடியுதோ அத செய்ம்மா... யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க" என்றார். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று அவர் சொன்னதுதான் என்னை அதிகமாக அழ வைத்தது.

சனிக்கிழமை ஆபீசில் சொல்லிவிட்டுக் கிளம்புவது என்று முடிவு செய்துவிட்டேன்.

அதற்குள் ஒரு காலை. வண்டியருகே வந்ததும் வழக்கம்போல மூச்சைப் பிடித்தேன்... ஆனால் கறி வாசனையே இல்லை. ஓலைத் தொப்பி போட்ட அந்த வண்டிக்கார அம்மா எங்களைப் பார்த்து, "சாய்! சாய்!" என்று கூப்பிட்டார்.

சரி, டீயாவது குடிக்கலாம் என்று நின்றேன். குடிப்பதுபோல் கையால் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ரொட்டியை நீட்டினார். நான் வேண்டாமென்று தலையை ஆட்டினேன். மறுபடி ரொட்டியை நீட்டினார்.

"டீன்றாங்க, ரொட்டிய குடுக்குறாங்க... இன்னாடி இது?" என்றார் செல்வி அக்கா.

நல்லவேளையாக எங்கள் லைன் லீடர் லான் வந்தாள். கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவாள். இன்று அமாவாசை, இங்கே நிறையப் பேர் இன்றைக்குக் கறி தொடமாட்டார்கள், சாய் என்றால் கறி, மீன், முட்டை எதுவும் இல்லாத சாப்பாடு என்று விளக்கினாள்.

"அமாவாசையா! நம்ம ஊருல இந்நேரம் மேல்மலையனூரு கோயிலு பஸ்ஸு நெரம்பி வழியும்டி!" செல்வி அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

எனக்கு இன்னும் ஒரு தயக்கம். கத்தியைக் காட்டினேன். அந்த அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. குனிந்து, வண்டியின் கீழ்க்கதவைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த, கறி வெட்டும் தினசரிக் கத்தியையும் பலகையையும் காட்டினார். கையில் இருந்தது வேறு கத்தி. இந்த மாதிரி நாளுக்கு மட்டும் எடுப்பது.

நின்றபடியே கடித்தேன். டோஃபு, காளான், வினிகரில் ஊறிய கேரட், முள்ளங்கி... நடுவில் ஒரு கை கொத்தமல்லி.

அந்தக் கொத்தமல்லி வாயில் பட்டதும் அழுகை வந்துவிட்டது. அந்த அம்மா பதறிப்போனார். காரம் தாங்கவில்லை என்று நினைத்து, என் ரொட்டியைப் பிரித்து மிளகாயை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். செல்வி அக்கா ஒரு பக்கம் சிரிக்க, நான் ஒரு பக்கம் அழ...

லான்தான் என் கதையை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து அமாவாசை, பௌர்ணமி என்ற கணக்கே இல்லை. தினமும் காலையில் கறி டப்பாவைத் திறப்பதற்கு முன்னால், அந்தத் தனிக் கத்தியால் எனக்கு ஒரு ரொட்டி. லேட்டானால் பேப்பரில் சுற்றி வண்டிக் கைப்பிடியில் தொங்கும். என்னைப் பார்த்ததும் "எம் சாய்!" என்பார். எம் என்றால் தங்கச்சி. கொஞ்ச நாளில் லைன் முழுக்க எனக்கு அதே பெயர்.

அந்தச் சனிக்கிழமை நான் ஆபீசில் சொல்லப் போகவில்லை. பயிற்சியை முடித்து, சூப்பர்வைசராகத்தான் ஊர் திரும்பினேன்.

போன ஞாயிறு மகளைக் கூட்டிக்கொண்டு விழுப்புரத்தில் செல்வி அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பேக்கரி ரொட்டி வாங்கி, டோஃபுவுக்குப் பதில் பன்னீர் வைத்து அதைச் செய்து பார்த்தோம். மகள் பாதி தின்றுவிட்டு வைத்துவிட்டாள்.

"இதுக்காம்மா நீ அழுத?"

"அது வேற ரொட்டிடி."

"ரொட்டி இன்னா பெரிய ரொட்டி!" என்றார் செல்வி அக்கா. "உங்கம்மாவுக்கு அன்னிக்கி இருந்த பசி வேற."

உண்மைதான். இப்போது போனைத் தட்டினால் திண்டிவனத்திலேயே எந்த ஊர்ச் சாப்பாடும் வீட்டுக்கு வந்துவிடுகிறது. நன்றாகவும் இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு பசி இனி எனக்கு வராது. கடை திறப்பதற்கு முன் என் பங்கை எடுத்து வைக்கிற ஆளும்...

மகள் வைத்துவிட்டுப் போன பாதியை நானே எடுத்துச் சாப்பிட்டேன்.