வியர்க்கும் கை

வியர்க்கும் கை பட்டால் முலாம் தொட்டி முழுவதும் கெட்டுவிடும் என்று எங்கள் வீட்டில் நம்பினோம். அப்பா ஓசூரில், ஒரு தகரக் கொட்டகையில், பித்தளைச் சாமான்களுக்கு நிக்கல் முலாம் பூசும் பட்டறை வைத்திருந்தார். ஞாயிறுதோறும் அக்காவை மட்டும் அழைத்துப் போவார். திரும்பி வரும் அவள் பாவாடையில் ஒட்டியிருந்த அமில நெடியைக்கூட நான் பொறாமையோடு முகர்ந்திருக்கிறேன்.

"கையக் காட்டுடி" என்பாள் அக்கா. காட்டினால், "அம்மா, இவ கையில ஏரியே இருக்குது, ரெண்டு மீன் வுடலாம்!" என்று சிரிப்பாள். அம்மாவோ, "உனக்கு வேணாம் கண்ணு, அப்பா பொழப்பு கெட்டுரும்" என்று முடித்துவிடுவாள்.

ஒரு ஞாயிறு அழுது அடம்பிடித்துப் போய்விட்டேன். பச்சைக் கரைசல் நிறைந்த தொட்டியில் நேர்முனையில் நிக்கல் பட்டைகளும் எதிர்முனையில் பித்தளைச் சாமான்களும் தொங்கின. மின்சாரம் பாயப் பாய, பட்டை கண்ணுக்குத் தெரியாத அயனிகளாகக் கரைந்து, கரைசலைக் கடந்து, பித்தளைமேல் வெள்ளையாய்ப் படிந்தது. மின்னாற்பகுப்பு என்ற பெயரெல்லாம் அப்போது தெரியாது. அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கிறேன் என்பதே போதுமாயிருந்தது. அமிலத்தில் கழுவி வைத்திருந்த ஒரு தாழ்ப்பாளை எடுத்து அவரிடம் நீட்டினேன். தொட்டியிலிருந்து அது வெளியே வந்தபோது என் கட்டைவிரல் பட்ட இடம் மங்கியிருந்தது. அப்பா நகத்தால் கீறியதும் முலாம் உரிந்தது. "சொன்னா கேட்டாத்தானே" என்றார். பிறகு என்னை அழைத்துப் போகவே இல்லை.

மேல்நிலை வகுப்பில், உப்புநீரிலிருந்து குளோரினைப் பிரிப்பதும் தாதுவிலிருந்து அலுமினியம் எடுப்பதும் இதே வழியில்தான் என்று படித்தேன். எண்ணெய்ப்பசையுள்ள எந்த விரல் பட்டாலும் அந்த இடத்தில் முலாம் சரியாகப் பிடிக்காது, மறுபடி கழுவினால் போதும், தொட்டிக்கு ஒன்றும் ஆகாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பட்டறையில் கழுவிய சாமானை எவருமே கையால் தொடுவதில்லை. செம்புக் கம்பிக் கொக்கியில் மாட்டித்தான் தூக்குவார்கள். அக்காவும் அப்படித்தான். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

அப்பாவிடமே கேட்டேன்.

"தொட்டி கெடாதுன்னு தெரியும் கண்ணு. நீ வந்தா ஓயாம கேள்வி கேப்ப. அவ சும்மா பக்கத்துல நிப்பா. அது ஒரு நிம்மதி."

பட்டறை இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள். அம்மா இல்லை. போச்சம்பள்ளியில் வாழ்க்கைப்பட்ட அக்கா எப்போதாவது வந்தால், அப்பா வாசலுக்கு நடந்துபோகும் வேகத்தை இப்போதும் நான் கவனிக்கிறேன். அவள் பேருந்து ஏறிய பிறகு வீட்டில் அவரும் நானும் மட்டும் இருக்கிறோம். நான் ஒன்றும் கேட்பதில்லை.