ஆட்சேபணை இல்லாத ஒரே புத்தகம்

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் இருக்கும் யாழ்ப்பாணத் தமிழர் சங்கத்தில் முன்மொழியாமல், வழிமொழியாமல் எதுவும் நடக்காது. கூட்டத் தேநீருக்குச் சீனியைக் குறைக்கலாமா என்பதற்கே ஒருமுறை கை தூக்கியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில், போரில் அடிபட்டு வந்த பிள்ளைகளுக்குக் கதைப்புத்தகம் வாசித்து மனத்தை ஆற்றலாம் என்று ஒரு யோசனை வந்தது. உடனே கூட்டம் போட்டார்கள்.

யோசனை கலாதேவியுடையது. வங்கியில் அதிகாரியாக இருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்றவர். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்தார், அப்பா செமோரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தார், மகன் மெல்பர்னுக்குப் போய்விட்டான். கலாதேவிக்குத் தமிழ் பேச வரும். வாசிக்கச் சொன்னால் மூச்சு வாங்கும். வன்னியில் குண்டு விழுந்த நாட்களில் "நம்ம சனம்" என்று நன்கொடை கொடுத்துவிட்டு டிவியில் வேறு சானலுக்கு மாறிவிடுவார். பார்க்க முடியவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

போர் முடிந்து இரண்டு வருடத்தில் அந்தச் சனத்தில் சிலர் அகதிகளாகப் பக்கத்து ஊரான சுங்கை சிப்புட்டுக்கே வந்து சேர்ந்தார்கள். அங்கே ஒரு பழைய தோட்டத்தில் ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்டது, தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகள் மட்டும் போகவில்லை. அவற்றில் ஒன்றை ரஜீவ் என்ற இளைஞன் வாடகைக்கு எடுத்திருந்தான். லாரிப் பட்டறையில் வேலை. கூட இருந்த தங்கை அனுஜாவுக்குப் பதினேழு வயது. கடைசிச் சண்டையில் தாய் செத்த நாளிலிருந்து அவள் பேசுவதில்லை.

அதுதான் சிக்கல். வேறு நாடு ஒன்றில் குடியேற வேண்டுமானால் கோலாலம்பூரில் அகதிகள் அலுவலகத்தில் நடக்கும் நேர்காணலில் நடந்ததை அவளே தன் வாயால் சொல்ல வேண்டும். போன தடவை தலையைக் குனிந்தவள் நிமிரவே இல்லை. அடுத்த தடவைக்குச் சில மாதங்களே இருந்தன.

"இந்த முறையும் அவள் கதைக்காட்டி எங்கட ஃபைல் அப்பிடியே கிடந்துடும், அன்ரி" என்றான் ரஜீவ்.

கலாதேவி ஈப்போவில் கடை கடையாக ஏறி, ஒரு பெட்டி நிறையப் படப்புத்தகங்கள் வாங்கிவந்து கூட்டத்தில் வைத்தார். தலைவர் மயில்வாகனம் முப்பது வருடம் அரசாங்கப் பல் வைத்தியராக இருந்தவர். நோகாமல் பிடுங்குவதில் பேர்போனவர். பிள்ளைகளுக்குப் பழையது எதுவும் ஞாபகம் வந்துவிடக்கூடாது என்று அவர் முன்மொழிய, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஞானம்மா வழிமொழிந்தார். அதன் பிறகு கறிபாப் பலகாரத்தைக் கடித்தபடி ஒவ்வொரு புத்தகமாகக் கழித்தார்கள். முயல் பொந்துக்குள் வசிக்கிறது, குண்டுக்குப் பதுங்கிய பங்கர் ஞாபகம் வரும். வாத்து ஏரியில் நீந்துகிறது, தப்பி வந்த கடல் ஞாபகம் வரும். பிறந்தநாள் கதையில் பலூன் வெடிக்கிறது, அதைச் சொல்லவே வேண்டாம். கடைசியில் ஆட்சேபணை இல்லாமல் மிஞ்சியது ஒன்றுதான்: பல் துலக்க அடம்பிடிக்கும் குட்டி யானையின் கதை. அதில் ஆபத்து ஏதுமில்லை என்று டாக்டர் தம் அனுபவத்தை வைத்தே உறுதி சொன்னார். யாராவது அழுதால் புத்தகத்தை உடனே மூடிவிட வேண்டும் என்றும் ஒரு விதி செய்தார்கள்.

அந்தக் காலத்தில் ரப்பர் பால் வெட்டப் போன பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் ஆயாக் கொட்டகை தோட்டத்தில் இன்னும் இருந்தது. ஞாயிறுதோறும் கலாதேவி அங்கே போய் அந்த ஆங்கிலப் புத்தகத்தைத் தமிழில் சொன்னார். வாரம் தவறாமல் அதே யானை. மீசை முளைத்த பையன்கள் முன்பல், கடைவாய்ப்பல் என்று கூடவே ஒப்பித்தார்கள். போரின் காயம் ஆறியதோ என்னவோ, பற்கள் பளிச்சென்று இருந்தன. அனுஜா மட்டும் பின்னால் தூணோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிறு நல்ல மழை. தகரக் கூரையில் அது கொட்டிய கொட்டில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. தாய் யானை பிரஷ்ஷுடன் தேட, குட்டி கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும் பக்கம் வந்தது. எல்லார் கண்ணும் பல்லிலேயே இருந்ததால் கமிட்டி கவனிக்காமல் விட்ட பக்கம் அது. கலாதேவி குரலை உயர்த்தி, "அம்மா கூப்பிட்டா, குட்டி வரல" என்றார். கேட்கவில்லை என்றார்கள். மறுபடியும் கத்திச் சொன்னார்.

அனுஜா எழுந்து முன்னால் வந்தாள். கண்ணீர் தாரையாக ஓடியது. மேற்பார்வைக்கு வந்திருந்த ஞானம்மா, மூடு என்று கையைக் காட்டினார். கலாதேவி வங்கியில் வளர்ந்தவர், விதி என்றால் விதி. மூடப்போனார். அனுஜா பக்கங்களுக்கு நடுவில் கையை வைத்தாள்.

"மூடாதேங்கோ அன்ரி. அம்மா கூப்பிட்டவா. நான் பங்கருக்குள்ள இருந்தனான். பயத்தில வெளிய வரேல்ல. என்னைக் கூப்பிட்டுக்கொண்டு நிண்டதாலதான் அவவுக்குக் குண்டு பட்டது."

தங்கையின் குரல் எப்படி இருக்கும் என்பதையே மறந்துபோயிருந்த ரஜீவ் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கலாதேவிக்கு நெஞ்சு வலித்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

ஞானம்மா விவரம் சொன்னதும் சங்கம் அவசரக் கூட்டம் கூட்டியது. ஒரு பிள்ளை பேசிவிட்டாள் என்பதை யாரும் பேச்சுக்கு எடுக்கவில்லை. ஒரு பிள்ளை அழுதுவிட்டாள் என்பதையே பேசினார்கள்.

"அழ வைக்கிறதுக்கா நாம போறோம், கலா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது லா?" என்றார் மயில்வாகனம்.

யானையும் தடை செய்யப்பட்டது, ஏகமனதாக. கலாதேவி கை தூக்காததை யாரும் பார்க்கவில்லை. அவர் மரியாதையாகப் புத்தகத்தை ஒப்படைத்தார், மறுநாள் கடைக்குப் போய் அதையே இன்னொன்று வாங்கிக்கொண்டார். சங்கத்துக்குச் சொல்லாமல் அவர் செய்த முதல் காரியம் அதுதான்.

அதன் பிறகு வாசிப்பு ரஜீவ் வீட்டு அடுப்படியில் நடந்தது. அந்தப் பக்கம் வந்ததும் அனுஜா நிறுத்தச் சொல்வாள். கொஞ்சம் சொல்வாள், கொஞ்சம் அழுவாள். கலாதேவி மூடாமல் காத்திருப்பார்.

நேர்காணல் நாளில் கலாதேவியே தம் மைவி காரை ஓட்டிக்கொண்டு கோலாலம்பூருக்குப் போனார். அனுஜாவை மட்டும் உள்ளே அழைத்தார்கள். வெளியே ரஜீவ் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தான். மதியம் தாண்டித்தான் அவள் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. எல்லாம் சொன்னாயா என்று கலாதேவி கேட்கும் முன், அவளாகவே சொன்னாள்.

"பாதியில கேள்வி கேட்ட அந்த மிஸ் அழத் தொடங்கிட்டா, அன்ரி. பாவம். அவவுக்குத் தண்ணி எடுத்துக் குடுத்துப்போட்டு மிச்சத்தைச் சொன்னனான்."