நூற்றுக்கு நூறு வாங்கிய வருஷம்

செஞ்சியில் அப்போது எங்கள் அரசுப் பள்ளிக்கும் பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு அரசுப் பள்ளிக்கும் ஏழாம் பொருத்தம். பத்தாவது ரிசல்ட் வந்தால் எந்தப் பள்ளிக்குத் தேர்ச்சி சதவீதம் அதிகம் என்று டீக்கடை வரைக்கும் பேச்சு நடக்கும். கிரிக்கெட்டில் தோற்றால்கூட ஊர் அவ்வளவு துக்கப்படாது.

நான் ஆறாவது, அக்கா ஒன்பதாவது. என் பையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு அவள்தான் என்னைக் கூட்டிப்போவாள். கணக்கு மட்டும் அவளுக்கு ஏறவே இல்லை. முழுப் பரீட்சை முடிந்ததும் பெரிய டீச்சர் நைனாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"பாஸ் போட்டுத் தரேன். டி.சி. வாங்கிக்குங்க. பத்தாவது வேற எங்கனா சேத்துடுங்க."

பெயிலாக வேண்டிய பெண்ணைப் பாஸ் போட்டது நைனாவுக்குப் பெரிய உபகாரமாகப் பட்டது. மறுநாள் ஒரு பை மல்லாட்டை, வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன், கொண்டுபோய்க் கொடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

"நான் பத்தாவது எழுதணும் நைனா" என்று அக்கா அழுதாள். டி.சி.யைத் தூக்கிக்கொண்டு எதிரிப் பள்ளிக்குப் போனார்கள். மார்க்கைப் பார்த்ததும் அங்கே இடமில்லை என்றார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பள்ளிகளும் சரிசமம்.

அக்கா அம்மாவோடு களையெடுக்கப் போனாள். பள்ளி திறந்த அன்று நான் தனியாக நடந்தேன். என் பை அவ்வளவு கனம் என்று அன்றுதான் தெரிந்தது. இப்போதும் அந்தத் தெருவுக்குப் போனால், அவள் ஒரே ஒரு முறை என் கையைப் பிடித்துப் பள்ளிக்குக் கூட்டிப்போக மாட்டாளா என்று ஏக்கமாக இருக்கிறது.

அடுத்த வருஷம் பத்தாவது ரிசல்ட்டில் எங்கள் பள்ளி நூற்றுக்கு நூறு. எதிரிப் பள்ளி ஒரே ஒரு பெயிலில் கோட்டைவிட்டது. லீவு என்றாலும் வேடிக்கை பார்க்கப் போயிருந்த எனக்குப் பெரிய டீச்சர் ஒரு லட்டு கொடுத்தார். பாதியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு தலைகால் புரியாமல் வீட்டுக்கு ஓடினேன். அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தர்கூட பெயில் இல்லக்கா!"

"இன்னாடி சொல்ற? நெசமாவா? நம்ம ஸ்கூலு ஜெயிச்சிட்சா?"

லட்டை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில்தான் என்று நினைத்து நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அவளை வெளியே அனுப்பித்தான் அந்த நூறு வந்தது என்று எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று. அவளுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் 'நம்ம ஸ்கூலு' என்றாள்.