ரேஸ் காரும் சித்தியின் கோலமும்

எங்கள் வீட்டில் ஒரு ரேஸ் கார் நின்றது என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. எங்கள் ஊரான நூம்பலில் அந்தக் காலத்தில் மாட்டு வண்டியை விட்டால் வேறு வண்டி ஏது? கார் எங்களுடையதல்ல, பட்டணத்துத் துரை ஒருவருடையது. அது நின்ற வண்டிக் கொட்டகை மட்டும்தான் எங்களுடையது. கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வற்றினால், ஓரத்துக் கட்டாந்தரையில் துரைமார் சிலர் ஞாயிறுதோறும் பந்தயம் விடுவார்கள். எங்கள் துரையின் காரைப் பழுது பார்த்து அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது சித்தப்பாவின் வேலை. உலகச் சண்டை தொடங்காத காலம், பெட்ரோலுக்குப் பஞ்சமில்லை.

பஞ்சம் டயருக்குத்தான். முன்சக்கர டயர்கள் இரண்டும் வெளி ஓரம் மட்டும் தேய்ந்து, இரண்டே ஞாயிறில் வழுக்கையாகிவிட்டன. உள் ஓரமோ புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. புது டயர் கப்பலில் வர வேண்டும். அடுத்த ஞாயிறும் இப்படித் தேய்ந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று துரை சொல்லிவிட்டார். சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வந்தவள் வேளை சரியில்லை என்று தெருவில் நாலு பேர் நாக்கில் நரம்பில்லாமல் பேசினார்கள். சித்தி காதில் விழாத மாதிரி இருந்தாள். கண் மட்டும் சிவந்திருக்கும்.

சித்தப்பா காரை ஜாக்கியில் தூக்கி வைத்து, சக்கரங்களில் சுண்ணாம்புக் கோடிழுத்து, மூங்கில் குச்சியால் முன்னாலும் பின்னாலும் அளந்தார். இரண்டு சக்கரமும் முன்பக்கத்தில் இம்மியளவு நெருங்கி நிற்க வேண்டுமாம். அதிகம் நெருங்கினால் டயர் உருளாமல் தரையில் தேய்ந்துகொண்டு போகுமாம். எத்தனை முறை அளந்தாலும் அளவு சரியாகவே இருந்தது, டயர் தேய்வதும் நிற்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பெரியவர்கள் எதிரில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளக் கூடாது. ஆகவே அவர்கள் பேச்சையெல்லாம் எட்டு வயதுக்காரி நான் சுமந்தேன். நாலடி தள்ளி நிற்கிற மனுஷரிடம் போய், "சோறு ஆறுதாம்" என்பேன். "வரேன்னு சொல்லு" என்பார். வந்து சொல்வேன். அந்த உத்தியோகத்தில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

செவ்வாய்க்கிழமை காலை நைனா, அதாவது என் அப்பா, முதலில் மாட்டு வண்டியைச் சித்தி போட்டிருந்த வாசல் கோலத்தின் மேலாக வெளியே ஓட்டினார். பிறகு அவரும் சித்தப்பாவும் காரைத் தள்ளினார்கள். முன்சக்கரம் கோலத்தைத் தாண்டியதும் சித்தி "ஐயோ" என்றாள். கார் நின்றது. அவள் உட்கார்ந்து கோலத்தை உற்றுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, உங்க சித்தப்பாகிட்ட சொல்லு. மாட்டு வண்டி போன எடத்துல மாவு அமுங்கித்தான் கீது. இந்த வண்டி போன எடத்துல பக்கவாட்டுல இழுத்துகினு போயிருக்கு."

ஓர் எழுத்து விடாமல் சொன்னேன். சித்தப்பா குனிந்து பார்த்தார், நெற்றியில் அடித்துக்கொண்டார். "இன்னா மடையன் நானு! தூக்கி வச்சுகினே அளந்துகினு கீறேன்! தரையில எறங்கி பாரம் ஏறினா கோணிக்கிது!" என்று சித்தியைப் பார்த்தே சொல்லிவிட்டார். திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தா செருமினார். வேலை போகிற நேரத்தில் வழக்கம் பார்த்தால் ஆகுமா என்று நினைத்தாரோ என்னவோ, தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் சித்தி கோலமாவால் குறுக்கே கோடு போடுவாள். நைனாவும் சித்தப்பாவும் காரை அதன் மேல் தள்ளுவார்கள். சித்தப்பா அடியில் படுத்து, முன்சக்கரங்களை இணைக்கும் குறுக்குக் கம்பியை அரைத் திருகு திருகுவார். "இன்னும் இழுக்குது" என்பாள். மறுபடி திருகுவார். "போதும், இப்ப அந்தாண்ட இழுக்குது" என்பாள்.

"கார் ஓட்றது நானா நீயா?"

"ஓட்றது நீங்க. கோலம் என்னுது."

சனிக்கிழமை மாவில் டயர் அச்சு வெட்டி வைத்த மாதிரி விழுந்தது. ஞாயிறன்று, மிச்சமிருந்த கடைசிப் புது டயர் ஜோடியை மாட்டி, துரை இருபது சுற்று ஓட்டினார். இறங்கி டயரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். இரண்டு ஓரமும் ஒன்றுபோல இருந்தன. சித்தப்பா முதுகில் தட்டிக்கொடுத்தார். வேலை தங்கியது. வந்தவள் வேளை நல்ல வேளை என்று தெருவும் பாட்டை மாற்றிக்கொண்டது.

திங்கட்கிழமை, நேரில் பேசாத வழக்கம் திரும்பியது. எனக்கும் உத்தியோகம் திரும்பக் கிடைத்தது. ஆனால் செவ்வாயன்றே, சக்கரம் மறுபடி கோணிவிட்டது என்றார் சித்தப்பா. சித்தி கோடு போட்டாள், சரியாயிற்று. வியாழனன்று மறுபடி கோணல்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். சித்தப்பா, சீட்டியடித்துக்கொண்டு, சரியாக இருந்த கம்பியைத் தாமே ஸ்பானரால் தளர்த்திக்கொண்டிருந்தார். துரைக்குத் தெரிந்தால் வேலை என்ன ஆவது? ஓடிப்போய், எல்லோரும் கூடியிருந்த வாசலில், "தாத்தா, சித்தப்பாவேதான் கழட்டி உட்றாரு!" என்று கத்தினேன்.

சித்தி விழுந்தடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். நைனா கூரையில் எதையோ தேடினார். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். குடும்பத்தின் சோற்றைக் காப்பாற்றியதற்குக் கிள்ளா என்று எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் விடிந்ததும் தாத்தா மாட்டு வண்டியைப் பூட்டச் சொன்னார். நைனாவையும் அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு பூந்தமல்லிச் சந்தைக்குக் கிளம்பினார். அன்று சந்தையே கிடையாது. காரைத் தள்ளக்கூட ஆளில்லாமல் சித்தப்பாவும் சித்தியும் தனியாக என்ன பாடுபடுகிறார்களோ என்று வழி நெடுக நான் ஒருத்திதான் கவலைப்பட்டுக்கொண்டு போனேன்.