தண்ணீர் அட்டை

செஞ்சியில் ஒரு உரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிற இரண்டு அறைகள்தான் எங்கள் சிகிச்சை மையம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பேச்சு, சைகை, பல் தேய்ப்பது, பொத்தான் போடுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்கிறோம். இந்த வேலைக்கு முன்னால் நான் டுடோரியலில் கணக்கு வாத்தியார். கணக்கு வராத பையன்களைச் சிரிக்க வைத்தே காலத்தை ஓட்டியவன். நாற்பதைத் தாண்டி ஒரு டிப்ளமோ படித்து இங்கே வந்து சேர்ந்தேன். மூன்று வயதுப் பிள்ளைக்குச் செய்த பிளாஸ்டிக் நாற்காலியில் என் உடம்பு எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவை மட்டும் உட்காரவைத்துப் பிழைக்கிறேன். இங்கே யாரும் என் ஜோக்குக்குச் சிரிப்பதில்லை. வீட்டில் பழகியதுதான் என்பதால் பெரிதாகத் தெரியவில்லை.

தொண்டூரிலிருந்து ஒரு அம்மா தன் ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வாரத்துக்கு இரண்டு நாள் பஸ்ஸில் வருவார். அந்தப் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. அம்மாவுக்கு அதுகூடப் பெரிய கவலை இல்லை. பிள்ளைக்குத் தாகம் எடுத்தால் கேட்கத் தெரியாது, அதுதான் கவலை. போன கோடையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்குகிற நாளில் எல்லாரும் கொல்லையில் இருந்திருக்கிறார்கள். பிள்ளை வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பக்கத்திலேயே இருந்த குடத்தைத் தொடவில்லை. சாயங்காலம் சுருண்டு விழுந்தவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

"பேசவே வேணாம் சார். தண்ணி வேணும்னு கேட்டா போதும்," என்றார் வந்த முதல் நாளே. "நானும் மணியப் பாத்துப் பாத்து ஊத்துறன். நான் இல்லாத அன்னிக்கு இன்னா பண்ணும்?"

அதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. எவர்சில்வர் டம்ளரைப் படம் எடுத்து அட்டையில் ஒட்டிப் பிள்ளைக்கு முன்னால் வைப்போம். பிள்ளை அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தால் இரண்டு மடக்கு தண்ணீர். முதலில் அம்மா பின்னால் உட்கார்ந்து பிள்ளையின் கையைப் பிடித்து எடுக்கவைப்பார். அப்புறம் முழங்கையைத் தொட்டால் போதும். அப்புறம் அதுவும் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் 'உதவியோடு' அல்லது 'தானாக' என்று தாளில் குறிக்க வேண்டும்.

இரண்டு மாதம் 'உதவியோடு' என்றே எழுதினேன். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, யாரும் தொடாமல், அட்டை என் கைக்கு வந்தது. நான் துள்ளி எழுந்தேன். நாற்காலியும் என்னோடு ஒட்டிக்கொண்டு எழுந்தது. அந்த அம்மா அழுதுகொண்டே சிரித்தார். பிள்ளை இரண்டு மடக்கு குடித்துவிட்டு மின்விசிறியைப் பார்க்கப் போய்விட்டாள்.

அட்டை வந்துவிட்டால் உடனே ஆளை மாற்ற வேண்டும் என்பது விதி. இடத்தை மாற்ற வேண்டும், டம்ளரை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஆளிடம் மட்டும் கேட்கப் பழகிவிடும். மையத்தின் பொறுப்பாளர் மேடம் இரண்டு முறை நினைவுபடுத்தினார். "இன்னும் ரெண்டு வாரம் போவட்டும் மேடம், நல்லா ஊறட்டும்," என்றேன். ஊறியது வேறு. ஐம்பதை நெருங்குகிற ஒரு வழுக்கைத் தலையனைத் தேடி ஒரு சின்னக் கை வருகிறது. அதை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இரண்டு வாரம் ஒன்பது வாரம் ஆனது.

வீட்டில் பிள்ளை அட்டையைத் தொடுவதே இல்லை என்று அம்மா சொல்லிக்கொண்டுதான் இருந்தார். குடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியது ஒட்டியபடியே இருக்கிறதாம். பிள்ளையின் அப்பாவுக்கு நம்பிக்கை போய்விட்டது. ஒரு தடவை நேரில் வந்து பார்க்கிறேன், பிரயோஜனம் இல்லையென்றால் இந்த மாதத்தோடு நிறுத்திவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

அவர் வந்த அன்று கதவோரம் சம்மணமிட்டு உட்கார்ந்தார். துண்டு மடியில். சந்தையில் மாடு பார்க்கிறவர் மாட்டைப் பார்க்காதது மாதிரி பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை. நான் ஐந்து தடவை செய்துகாட்டினேன். ஐந்து தடவையும் அட்டை வந்தது. வித்தை காட்டி முடித்தவன் மாதிரி அவர் பக்கம் திரும்பினேன்.

"சார், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லுங்க. என்னக் கொற சொல்றதுக்கு ஏற்கெனவே ஒரு க்யூ நிக்குது, நீங்களும் நில்லுங்க."

அவர் சிரிக்கவில்லை. "நீங்க கண்ணாடிய நெத்திக்கு ஏத்துறீங்க. அப்பறந்தான் அது கை அட்டைக்குப் போவுது. அஞ்சு தபாவும் பாத்தன்."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். டம்ளரையும் அட்டையையும் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பிள்ளை டம்ளரைப் பார்க்கவில்லை. என் மூக்கைப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள். உதட்டை நக்கினாள். கை மடியிலேயே இருந்தது. அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். என்னால் தாங்க முடியவில்லை. கண்ணாடியை மாட்டி நெற்றிக்கு ஏற்றினேன். உடனே அட்டை என் கையில்.

ஒன்பது வாரம் நான் 'தானாக' என்று எழுதியது எல்லாமே பொய். அவள் தண்ணீர் கேட்கவே இல்லை. இந்த ஆள் கண்ணாடியைத் தூக்கினால் இதை எடுத்து அவன் கையில் வைக்க வேண்டும், வைத்தால் அவன் சந்தோஷப்படுவான் என்பதைத்தான் கற்றிருக்கிறாள். தாகத்தைச் சொல்லக் கூட்டி வந்த பிள்ளைக்கு என் ஆசையைத் தீர்க்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

"இது சரி பண்ணக்கூடியதுதாங்க," என்றார் பக்கத்து அறையிலிருந்து கேட்டு வந்த மேடம். "வேற ஆள வெச்சு மொதல்லருந்து ஆரம்பிக்கலாம். ரெண்டு மாசம் குடுங்க."

"ரெண்டு மாசம்னுதான் அப்பவும் சொன்னீங்க," என்றார் அப்பா. அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஞாயித்துக்கெழம நானே ஊட்டுக்கு வரன். அங்கயே பழக்கலாம்," என்றேன்.

"வேணாங்க சார். நீங்க வந்தா உங்களுக்குத்தான் குடுக்கும்."

அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பின்னால் போன அம்மா பாதிப் படியிலிருந்து திரும்பி வந்தார்.

"சார், ஒங்க பழைய கண்ணாடி எதுனா இருக்குதா?"

மேசை இழுப்பறையில் ஒரு காது உடைந்து நூல் கட்டிய ஒன்று கிடந்தது. கொடுத்தேன். அதனால் ஆகாது என்று எனக்குத் தெரியும்.

மூன்று வாரம் கழித்து, பகல் இரண்டு மணி வெயிலில், பஸ் ஸ்டாண்டில் அம்மாவையும் பிள்ளையையும் பார்த்தேன். பிள்ளை அம்மாவின் இடுப்பில் சாய்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்குதாம்மா?"

"எங்க சார். தெனம் அந்தக் கண்ணாடிய மாட்டிக்கினு தூக்கித் தூக்கிக் காட்டுறன். எங்க மாமியா சிரிக்கிது. இது என் மொகத்த ஒரு மாரி பாக்குது, அவ்ளோதான்."

முகத்து வியர்வையைத் துடைத்தேன். துடைக்கிறபோது கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிட்டது.

பிள்ளையின் கை என் தொப்பைக்கு நேராக நீண்டது. வெறும் கை. அட்டை இல்லை. என்னிடம் இருந்த பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். கழுத்தெல்லாம் வழிந்தது. மூச்சு வாங்க நிறுத்தி, திரும்பக் குடித்தாள். பாட்டிலில் பாதிக்கு மேல் காலி.

"பதினோரு மணிக்குக் குடுத்தன் சார்," என்றார் அந்த அம்மா, தன்மேல்தான் தப்பு என்பதுபோல. "அப்பறம் பஸ்ஸுல கூட்டம்."

"திரும்ப வாங்கம்மா. வேற ஆளு பாப்பாங்க. நான் பக்கத்துலயே வரமாட்டன்."

"அவரு வேணாம்னுட்டாரு சார்."

தொண்டூர் பஸ் வந்தது. இருவரும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள் என்று நினைக்கிறேன். கண்ணாடி இன்னும் என் நெற்றியிலேயே இருந்தது. அது கண்ணில் இல்லாவிட்டால் எனக்குப் பஸ் என்பது ஒரு நீளமான கறை. இறக்கினால் நன்றாகத் தெரிந்திருக்கும். ஜன்னல் வழியாக அந்தக் கை திரும்பவும் நீண்டிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். பஸ் வெளியே போய்த் திரும்புகிற வரைக்கும் நான் கண்ணாடியைத் தொடவில்லை.