எலும்பு ஸ்கேனுக்காகக் கூத்தாநல்லூரிலிருந்து தஞ்சாவூருக்கு

துபாயிலிருந்து லீவில் வருகிறவன் ஊட்டி, கொடைக்கானல் என்று போவான். நான் போனது தஞ்சாவூருக்கு, தங்கையின் எலும்பு ஸ்கேனுக்கு. இதே வேலையாகப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

தங்கை ரஹ்மத்துக்குப் பிறவியிலேயே தலசீமியா, உடம்பில் போதிய ரத்தம் ஊறாத நோய். மூன்று வாரத்துக்கொரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும். போன மாதம் குக்கர் மூடியைத் திறக்கும்போது மணிக்கட்டு முறிந்துவிட்டது. குக்கர் மூடிக்கா எலும்பு முறியும்? வயது இருபத்தாறுதான். தையல்தான் அவள் தொழில். இனி மெஷினில் உட்கார முடியுமா என்பதே அவள் கவலை.

பிப்ரவரி மாதம், சம்பா அறுவடை நேரம். காலை 8.30க்குக் கிளம்பினோம். பஸ் குலுக்கலை அவள் முதுகு தாங்காது என்பதால் வாடகைக் கார், போக வர 2,600 ரூபாய். 54 கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. மன்னார்குடி தாண்டியதும் பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. கார் ஊர்ந்தது, நான் முணுமுணுத்தேன்.

“கோவிச்சுக்காதீங்க தம்பி, ஈரமா இருந்தா கொள்முதல்ல எடுக்க மாட்டாங்க. வெயில் பட்டுத்தான் ஆகணும்” என்றார் டிரைவர் செல்வம்.

ஸ்கேனுக்கு ஊசி கிடையாது, கால் மணி நேரம் படுத்திருந்தால் போதும். முதுகெலும்பில் அடர்த்தி ரொம்பக் குறைவு என்று வந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

“வருஷா வருஷம் கால்சியம் மாத்திரை வாங்கிட்டு வர்றேங்க டாக்டர். ஒரு நாள்கூட விட்டதில்ல.”

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இந்த நோயில் ரத்தம் உண்டாக்க மஜ்ஜை அளவுக்கு மீறி உழைப்பதால் எலும்பு மெலிகிறது. ஏற்றும் ரத்தத்தால் சேரும் இரும்பும் எலும்பைக் கெடுக்கிறது.

“அதோட, வைட்டமின் டி இல்லன்னா கால்சியம் உடம்புல சரியா சேராது. இவங்களுக்கு அது ரொம்பக் கம்மி. வெயில்ல எப்பம்மா நிப்பீங்க?”

ரஹ்மத் என்னைப் பார்த்தாள். “முன்னாடி முத்தத்துல துணி காயப்போடுவேன். இப்ப அதை மூடியாச்சு.”

மூடியது நான்தான். மூன்று வருடத்துக்கு முன், இவளுக்குச் சளி பிடிக்கக் கூடாது என்று, வீட்டு நடு முற்றத்துக்கு மேல் தகர ஷீட் போட்டேன். எங்கள் தெருவில் வெளிநாட்டுப் பணம் வந்த வீட்டிலெல்லாம் முதல் வேலை அதுதான். நானாவுக்குத் தங்கச்சி மேல் எவ்வளவு பாசம் என்று ஊரே மெச்சியது. டாக்டர் முன்னால் உட்கார வெட்கமாக இருந்தது.

திரும்பும்போதும் அதே நெல், கார் அதேபோல் ஊர்ந்தது. நெல்லை மிதிக்காமல் மெதுவாகவே போகும்படி செல்வத்திடம் சொன்னேன்.

போகிறவர்கள் பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களை எடுத்துப் போங்கள். வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். என்னைப் போல நீங்களாகக் கால்சியம் வாங்கிக் கொடுக்காதீர்கள். ரஹ்மத்துக்கு இப்போது வாரம் ஒரு வைட்டமின் மருந்து, எலும்புக்குத் தனி மாத்திரை, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். வெயில் மட்டும் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார்.

மறுநாள் வெல்டரை வரவழைத்தேன். “நல்லாத்தானே இருக்கு, ஏன் பாய் பிரிக்கிறீங்க?” என்றார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். முதல் ஷீட் இறங்கியதும் ரஹ்மத் கட்டுப்போட்ட கையோடு வந்து நின்றாள்.

“நானா, மெஷினை இங்க இழுத்துப் போடுங்க. கட்டுப் பிரிச்சதும் இங்கதான் உட்காருவேன்.”