புகையா, ரத்தமா?

அண்ணனுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது வயது நாற்பத்தொன்று. அப்பாவும் அதே நோயில்தான் போனார். இரண்டுக்கும் காரணம் தொழிற்சாலைப் புகைதான் என்பதில் திருவொற்றியூரில் எங்கள் தெருவில் யாருக்கும் சந்தேகமில்லை. புகைக்கு எதிரான மனுவோடு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவரே அண்ணன்தான்.

அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதம் கழித்து டாக்டர், கூடப் போயிருந்த என்னையும் பார்த்துச் சொன்னார்: "இது பரம்பரையா வர்றதா இருக்கலாம். மரபணுப் பரிசோதனை பண்ணிடலாம். உங்களுக்கு இருந்தா தங்கச்சிக்கும் பாக்கணும்."

வீடு வந்ததும் அண்ணன் கத்தினார்: "இன்னா கேம் ஆடறாங்க பாத்தியா? உன் ரத்தத்துலயே கீதுன்னு எய்தி குடுத்துட்டா, அப்பால பொகையப் பத்தி எவன் கேப்பான்?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. பரிசோதனை இலவசம் என்றது சந்தேகத்தைக் கூட்டியது.

விளக்கம் கேட்க ஆஸ்பத்திரியின் மரபணு ஆலோசனைப் பிரிவுக்குப் போனோம். அங்கிருந்த இளம்பெண் எங்கள் குடும்பத்தையே ஒரு தாளில் வரைந்துகொண்டு கேட்டாள்: "அப்பாகூடப் பொறந்தவங்க யாருக்காவது கர்ப்பப்பைல புற்றுநோய் இருந்துதா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தை அதில்தான் இறந்தார். வெளியில் மஞ்சள்காமாலை என்றுதான் சொல்லியிருந்தோம்.

"உனக்கு யாரு சொன்னது? எங்க தெருவுல வந்து விசாரிச்சீங்களா?" என்றார் அண்ணன்.

"யாரும் சொல்லல சார். ஒரே மரபணுக் கோளாறுல ரெண்டும் வரலாம். எல்லார்கிட்டயும் கேப்போம்."

நான் நம்பவில்லை. அன்று மாலை பக்கத்து வீட்டு அக்காவிடம், யாராவது எங்களைப் பற்றி விசாரித்தார்களா என்று கேட்டேன்.

"யாரும் வர்லியே. இன்னா, பாஸ்போர்ட்டுக்கு எய்தி போட்டுகிறியா?" என்றார்.

அண்ணன் மறுபடி டாக்டரிடம் போனார். "ரத்தத்துல இருந்தா பொகையில தப்பு இல்லன்னு ஆயிடுமா?"

"நான் பாக்கப்போறது ரத்தத்த. காத்த இல்ல."

"அதயே எய்தி குடு டாக்டரு."

டாக்டர் சிரிக்கவில்லை. அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்த பிறகுதான் அண்ணன் ரத்தம் எடுக்கக் கையை நீட்டினார்.

அவருக்கு அந்தக் கோளாறு இருந்தது. பிறகு பார்த்ததில் எனக்கும். என் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்து, இரண்டு சிறு கட்டிகளை எடுத்தார்கள். ஒன்றை விட்டிருந்தால் புற்றுநோயாக மாறியிருக்கும் என்றார்கள். படத்தை வாங்கி, அதிலிருப்பது என் பெயர்தானா என்று இரண்டு முறை பார்த்தேன்.

அத்தை மகனுக்கும் சொல்லச் சொன்னார்கள். பேசின் பிரிட்ஜில் இருக்கிறார், என்னைவிட மூத்தவர். நான் பேசி முடிக்கும்வரை வாசற்படியிலேயே நின்றார்.

"இத்தினி வருசமா வராதவ, இன்னைக்கு இதுக்கோசரம் வந்துகீறே. உன்ன யாரு அனுப்ச்சாங்க?"

எனக்குக் கோபம் வரவில்லை. "உள்ள வுடு, மொதல்லருந்து சொல்றேன்" என்றேன். இரண்டு டீ குடிக்கும் நேரம் பேசினேன். எல்லாம் கேட்டுக்கொண்டார். இன்னும் பரிசோதனைக்குப் போகவில்லை.